மலை விலகினாலும்: பைபிள் ஏசாயா புத்தகம், கேள்வி பதில்

கேள்வி (நீலகிரி, கேத்தியிலிருந்து): ஐயா, போன மழைல வீட்டு பின்னாடி மண்ணு சரிஞ்சு சமையக்கட்டு போச்சு. இது கர்த்தரோட தண்டனை, வீட்ல ஏதோ பாவம் இருக்குன்னு சொந்தக்காரங்க சொல்லிட்டாங்க, அதுலருந்து அம்மா தூங்கறதே இல்ல.

பதில்: தம்பி, முதல்ல அம்மாவுக்கு லூக்கா 13 வாசிச்சு காட்டுங்க. சீலோவாம்ல கோபுரம் விழுந்து 18 பேர் செத்தாங்களே, அவங்க மத்தவங்கள விட பெரிய பாவிங்களான்னு கேட்டு, இல்லைன்னு இயேசுவே சொல்லிட்டார். மனந்திரும்புங்கன்னு அடுத்து சொல்றது கேட்டுட்டு நின்ன எல்லாருக்கும்தான்.

அப்புறம் ஏசாயா 54:10, "மலைகள் விலகினாலும், பர்வதங்கள் நிலைபெயர்ந்தாலும், என் கிருபை உன்னைவிட்டு விலகாமலும்". மலை அசையவே அசையாதுன்னு கர்த்தர் வாக்கு குடுக்கல பாருங்க, அசைஞ்சாலும் நான் போகமாட்டேன்னுதான் சொல்றார், 2009 நவம்பர்ல உங்க கேத்தியில ஒரே நாள்ல 82 செ.மீ மழை கொட்டினப்போ மலை இறங்கினத கண்ணால பாத்தவங்களுக்கு இந்த வசனம் எப்படி கேக்கும்னு நான் சொல்லவேண்டியதில்ல. சரிவ வெட்டி, ஓடைய அடைச்சா மண்ணு இறங்கும். அத பாவக்கணக்குல எழுதாதீங்க. அம்மாகிட்ட நான் சொன்னேன்னே சொல்லுங்க.

கேள்வி (கோத்தகிரி): அதுக்கு முந்தின வசனத்துல, ஏசாயா 54:9ல, இனி கோபப்படமாட்டேன்னு கர்த்தர் ஆணையிடறாரே, அப்ப நியாயத்தீர்ப்பே இல்லையா?

பதில்: இருக்கும்மா. அந்த வார்த்தை யாருக்குன்னு பாக்கணும். கி.மு. 586ல பாபிலோன்காரன் எருசலேம இடிச்சு எரிச்சான், தண்டனைய முழுசா அனுபவிச்ச அந்த ஜனத்துக்குத்தான் "இமைப்பொழுது உன்னைக் கைவிட்டேன்"னு சொல்லி, நோவா காலத்து வெள்ளம் மாதிரி இதுவும் திரும்ப வராதுன்னு ஆணையிடறார். யோவான் 5:24ல விசுவாசிக்கிறவன் ஆக்கினைத்தீர்ப்புக்கு, அதாவது தண்டனைத் தீர்ப்புக்கு, உட்படமாட்டான்னு வருது, நமக்கு அதுதான் பிடிமானம்.

கேள்வி (குன்னூர்): பட்டயத்த மண்வெட்டியா அடிப்பாங்கன்னு ஏசாயா 2:4 சொல்லுது. எங்கப்பா அருவங்காடு வெடிமருந்து பாக்டரில 30 வருஷம் வேலை பாத்தவர். அது பாவமா ஐயா?

பதில்: இல்லப்பா. இயேசுவுக்கு ஞானஸ்நானம் குடுத்த யோவான்ஸ்நானன்கிட்ட போர்ச்சேவகர் வந்து நாங்க என்ன செய்யணும்னு கேட்டப்போ வேலைய விடுன்னு அவர் சொல்லல, யாருக்கும் கொடுமை பண்ணாம சம்பளம் போதும்னு இருங்கன்னார். ஏசாயா வசனத்தோட முதல் பாதிய நிறைய பேர் விட்டுடறாங்க, கர்த்தர் ஜாதிகளுக்குள்ள நியாயந்தீர்க்கிறார், அதுக்கப்புறம்தான் ஜனங்க பட்டயத்த உலைல வைக்கிறாங்க. நியாயம் கிடைக்காம யாரும் ஆயுதத்த கீழ போடமாட்டாங்க. அந்த நாள் வரட்டும்னு உங்கப்பாவும் ஜெபம் பண்ணலாம், தாராளமா.