விளையாட்டுதானே?

கேள்வி: 'பேட்டில்ஃபீல்டு 1' வீடியோ கேமில் என் மகன் 'ஹுவோ' என்ற இயந்திரத் துப்பாக்கியுடன் முதல் உலகப் போர் முழுவதையும் சுற்றி வருகிறான். அந்தத் துப்பாக்கி போர்க்களத்துக்குப் படையோடு போனதே இல்லை என்று அவனுடைய நண்பன் சண்டைக்கு வருகிறான். விளையாட்டுதானே, இதில் வரலாறு பார்ப்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லையா? (ஈரோடு வாசகர்)

பதில்: இல்லை. நான் அந்த நண்பன் கட்சி.

ஹுவோ எப்படிப் பிறந்தது என்று உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். கனடா வீரர்கள் 'ராஸ்' என்ற தங்கள் நாட்டுத் துப்பாக்கியோடு போருக்குப் போனார்கள். 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்துச் சேற்றில், அது அவர்களைக் கைவிட்டது. சில குண்டுகள் சுட்டதுமே, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் என்ற தண்டு இறுகிக்கொள்ளும். எதிரி வந்துகொண்டிருக்க, துப்பாக்கியைத் தரையில் ஊன்றி, பூட்ஸ் காலால் போல்ட்டை உதைத்துத் திறந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ராஸைத் தூக்கி எறிந்துவிட்டு, செத்துக் கிடந்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள். 1916-இல் ராஸ் களத்திலிருந்து விலக்கப்பட்டது.

அப்படி வீணாகிப்போன ராஸை வைத்துத்தான் ஜோசப் ஹுவோ தன் துப்பாக்கியைச் செய்தார். ராஸின் போல்ட்டைத் திருக வேண்டியதில்லை. நேராகப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் போதும். அந்த வேலையைக் கைக்குப் பதிலாக வெடிவாயு செய்யட்டும் என்று, குழலின் பக்கத்தில் ஒரு பிஸ்டனைப் பொருத்தினார். 25 தோட்டாக்கள் கொண்ட உருளை மேகசின். எடையோ, பிரிட்டிஷ் படை சுமந்த லூயிஸ் இயந்திரத் துப்பாக்கியில் பாதிதான். கனடா படைத் தளபதி ஆர்தர் கர்ரி 1918 அக்டோபரில் 5,000 துப்பாக்கிகள் வேண்டும் என்று எழுதினார். நவம்பர் 11-இல் போரே முடிந்துவிட்டது. விரல்விட்டு எண்ணக்கூடிய மாதிரிகளோடு ஹுவோவின் கதையும் முடிந்தது. இந்தத் துப்பாக்கியின் வரலாறே அது கிடைக்காமல் போனதுதான். அதை எல்லார் கையிலும் கொடுத்தால் அந்த வரலாற்றை அழித்துவிடுகிறோம்.

இந்த விளையாட்டு அதைத்தான் செய்கிறது. அதில் ஃபாவ் கோட்டை என்று ஒரு களம் இருக்கிறது. பாரசீக வளைகுடாவின் தலைமாட்டில் உள்ள அந்த இடத்தில் 1914 நவம்பரில் துருக்கியரை எதிர்த்து இறங்கியது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் பூனா டிவிஷன். அன்றைக்குப் பிரிட்டிஷ் ராணுவத்தில் ஒரு முழு பட்டாலியனுக்கே இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள்தான். விளையாட்டிலோ அங்கே துருக்கிய வீரன்கூட ஹுவோவைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். ஈப்ரில் ராஸ் தோற்பதற்கு முன்பே, ராஸிலிருந்து பிறந்த துப்பாக்கி அரபுக் கரையில் சுடுகிறது!

ஏன் இப்படி என்பதும் புரிகிறது. அந்தப் போரின் சாதாரணச் சிப்பாய் ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்தவன். விளையாட வருபவர்களுக்கு அந்த நிதானம் பிடிக்காது என்று தயாரிப்பாளர்கள் பயந்திருக்கிறார்கள். அதனால் அருங்காட்சியகத்தைக் கிளறி, தானாகச் சுடுவதையெல்லாம் திரட்டிவிட்டார்கள். ஆஸ்திரியாவின் ஹெல்ரீகல் என்ற துப்பாக்கிக்கு 1915-இல் எடுத்த சில புகைப்படங்களைத் தவிரச் சான்றே அரிது. அதுவும் இங்கே ஆளுக்கொன்று.

உண்மையிலேயே லட்சக்கணக்கில் களத்தில் இருந்தது பிரான்சின் ஷோஷா. இரண்டரை லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அரை நிலா போன்ற அதன் மேகசினில் எத்தனை தோட்டா மிச்சம் என்று பார்ப்பதற்காக ஒரு பக்கத்தைத் திறந்தே விட்டிருந்தார்கள். அந்தத் திறப்பு வழியாகச் சேறு உள்ளே போயிற்று. திட்டிக்கொண்டே அதைச் சுமந்தார்கள் பிரெஞ்சு வீரர்களும் அமெரிக்க வீரர்களும். அந்தப் போரை ஒருவன் தெரிந்துகொள்ள வேண்டுமானால் இந்தத் துப்பாக்கியைத்தான் முதலில் கையில் எடுக்க வேண்டும். ஆனால் அது பின்னால் விற்ற இணைப்புத் தொகுப்பில்தான் வந்தது. எனக்கு இதில்தான் கோபம் அதிகம்.

ஹுவோவை நீக்கச் சொல்லவில்லை. ஒரு மறந்துபோன கைவினைஞரின் பெயர் ஈரோடு வரை வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. 1918-ஆம் ஆண்டுக் களம் ஒன்றில், கனடா அணிக்கு மட்டும், ஒரு சுற்றுக்கு ஒன்றே ஒன்று என்று வைத்திருக்கலாம். மற்றவர்கள் போல்ட்டை இழுத்துக்கொண்டிருக்கட்டும்.