ஃபேன்டசி கேம்களில் கவசம் நிஜம் போல இருக்க வேண்டுமா, மிகையாக இருக்கலாமா?

கும்பகோணத்துத் தம்பி ஒருவரின் கேள்வி: ஆர்பிஜி (ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும்) கேம்களில் தலையை விடப் பெரிய தோள்கவசம் எதற்கு, போரில் அது உதவுமா?

உதவாது. ஐரோப்பிய முழு எஃகுக் கவசம் சுமார் 15 முதல் 25 கிலோதான். எடை உடம்பு முழுக்கப் பிரிந்து உட்காரும். போட்டுக்கொண்டு ஓடலாம், குதிரை ஏறலாம். தோள்தகடு பெருத்தால் கையைத் தலைக்கு மேல் தூக்கவே முடியாது. வாள் வழுக்கிப் போகட்டும் என்றுதான் மார்புத்தகட்டை வெளிப்பக்கம் வளைத்தார்கள். பெண் பாத்திரங்களுக்கு மார்பு வடிவிலேயே தகடு அடிக்கிறார்களே, அது அடியை நேராக நடு நெஞ்செலும்புக்குத் திருப்பிவிடும். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது.

ஆனால் மிகை எல்லாமே தப்பில்லை. கேமரா மேலே, தூரத்தில் இருந்தால் திரையில் ஆள் சின்னதாகத்தான் தெரிவார். தோளையும் தலைக்கவசத்தையும் வைத்துத்தான் யார் எவர் என்று பிடிபடும். தஞ்சைப் பெரிய கோயில் துவாரபாலகர்களைப் பாருங்கள். அந்தப் பிரம்மாண்ட உடம்பும் கதாயுதமும் எட்ட நின்றாலே காவலர் என்று சொல்லிவிடும்.

கேமரா கிட்டே வந்தால் கணக்கு மாறும். 2018-இல் வந்த ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’ என்ற கேம் 1403-ஆம் ஆண்டு பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) நடக்கிறது. அதில் திணித்துத் தைத்த அங்கி, சங்கிலிக் கவசம், அப்புறம் தகடு என அடுக்கடுக்காகப் போடலாம். அந்த அடுக்குகளே சுவாரசியம்.

சரி, சோழர் காலக் கேம் செய்கிறீர்களா? டெல்டா வெயிலிலும் வயல் சேற்றிலும் நடக்கிற வீரனுக்கு உடம்பு முழுக்கத் தகடு மாட்டாதீர்கள். வாள், கேடயம், இடைக்கச்சு, கொண்டை: இவற்றிலேயே ஆளுக்கு ஆள் வித்தியாசம் காட்ட நிறைய இடமிருக்கிறது.