பந்து இல்லாத நால்வருக்குத்தான் முதல் பாடம்

கேள்வி: "15, 16 வயதுப் பையன்கள் உள்ள பள்ளிக் கூடைப்பந்து அணிக்கு நான் கோச். பயிற்சியில் எல்லோரும் நன்றாகவே ஷூட் செய்கிறார்கள். ஏழு ப்ளே (யார் எங்கே ஓட வேண்டும் என்று முன்பே வகுத்த ஆட்டத் திட்டம்) சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அத்தனையும் மனப்பாடம். ஆனால் ஆட்டம் தொடங்கிவிட்டால் ஒருவன் டிரிப்பிள் செய்கிறான் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போகிறான்), மற்ற நால்வரும் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். எங்கள் புள்ளிகளில் பாதிக்கு மேல் ஒரே பையன் எடுப்பது. அவனை இருவர் மடக்கிக்கொண்டால் எங்கள் ஆட்டம் அதோடு நின்றுவிடுகிறது. போட்டித் தொடருக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?"

ஏழு ப்ளேயில் ஐந்தை இன்றே விட்டுவிடுங்கள். கூடைக்குக் கீழே எல்லைக்கோட்டிலிருந்து பந்தை உள்ளே போடுவதற்கு ஒன்று, கடைசி சில நொடிகளுக்கு ஒன்று, இந்த இரண்டு போதும். உங்கள் பையன்களுக்கு நினைவாற்றல் குறைவு என்று நான் சொல்லவில்லை. மனப்பாடம் செய்த ப்ளேயில் முதல் பாஸை எதிரணி மறித்துவிட்டால் இரண்டாவது அடி என்ன என்று ஒருவனுக்கும் தெரியாது. தெரியாதவன் நிற்பான். நிற்பவர்களைப் பார்த்ததும் பந்து வைத்திருப்பவன் தனியாகப் போராடத் தொடங்குவான். நீங்கள் எழுதியிருக்கும் காட்சி இப்படித்தான் உருவாகிறது.

ஒரு சின்னக் கணக்கு. ஆட்டம் 40 நிமிடம். ஏறக்குறைய பாதி நேரம், அதாவது 20 நிமிடம், பந்து நம் அணியிடம் இருக்கும். அதை ஐவரும் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டாலும் ஒருவன் கையில் பந்து இருப்பது 4 நிமிடம். மீதி 16 நிமிடம் அவன் வெறுங்கையோடுதான் ஆடுகிறான். இப்போது உங்கள் பயிற்சியை நினைத்துப் பாருங்கள். கூம்புகளைச் சுற்றி டிரிப்பிள், வரிசையில் நின்று லே-அப் (ஓடிப்போய்க் கூடைக்கு அருகிலிருந்து போடும் ஷாட்), ஆளுக்கு ஒரு பந்து வைத்துக்கொண்டு ஷூட்டிங். அந்த 4 நிமிடத்துக்கு மாய்ந்து மாய்ந்து பழக்கிவிட்டு, 16 நிமிடத்தைச் சொல்லித்தராமலே விட்டுவிடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம் ஒரே பாடம்: இடைவெளி. மூன்று புள்ளிக் கோட்டுக்கு ஓரடி வெளியே ஐந்து இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். கூடைக்கு நேர் எதிரே உச்சியில் ஒன்று, அதற்கு இரு பக்கமும் உள்ள விங்கில் ஒவ்வொன்று, கூடைப் பக்க எல்லைக்கோட்டை ஒட்டிய இரு கார்னரிலும் ஒவ்வொன்று. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இருவருக்கு நடுவே ஏறக்குறைய 5 மீட்டர் வரும். இருவர் 2 மீட்டர் தள்ளி நின்றால் எதிரணியில் ஒரே ஆள் இருவரையும் பார்த்துக்கொள்வான், மிச்சமாகும் இன்னொருவன் உங்கள் நட்சத்திர ஆட்டக்காரனை மடக்கப் போவான். 5 மீட்டர் இருந்தால் உதவிக்குப் போகிறவன் தன் ஆளைக் கைவிட்டுத்தான் போக வேண்டும். "எங்கள் உயரமான பையனுக்கு மூன்று புள்ளி ஷாட் வராதே, அவன் ஏன் வெளியே நிற்க வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். அவனிடம் ஷாட்டை எதிர்பார்க்க வேண்டாம். அவனைக் காக்கும் உயரமான ஆளை அவன் கூடைக்கு அடியிலிருந்து வெளியே இழுத்து வந்தாலே போதும். உள்ளேயே நின்றால் மற்றவர்கள் புகும் வழியை அடைத்துக்கொள்வான், கூடைக்கு அடியில் மூன்று நொடிக்கு மேல் நிற்கக்கூடாது என்ற விதியிலும் மாட்டுவான்.

இடைவெளி பழகியதும் மூன்று விதி. பாஸ் கொடுத்தவன் நிற்கக்கூடாது, கூடையை நோக்கி வெட்டி ஓட வேண்டும். அவன் விட்டுப்போன இடத்தைப் பக்கத்தில் இருப்பவன் நிரப்ப வேண்டும். உன்னைக் காப்பவன் பாஸ் வரும் வழியில் கை நீட்டி மறித்தால், பந்துக்காகக் காத்திருக்காமல் அவன் முதுகுக்குப் பின்னால் ஓடு. இவ்வளவுதான்.

மூன்றாவது விதியைப் பேக்டோர் கட் என்பார்கள். இதற்கு மட்டும் தாராளமாக நேரம் செலவிடுங்கள், ஏனென்றால் 'பார்த்து ஆடுவது' என்றால் என்ன என்று பையன்களுக்கு முதலில் புரிய வைப்பது இதுதான். விங்கில் நிற்கும் பையனைக் கவனியுங்கள். பந்து உச்சியில் இருக்கிறது. அவனைக் காப்பவன் நடுவே ஒரு கையை நீட்டி, முகத்தைப் பந்துப் பக்கம் திருப்பி நிற்கிறான். நம் பையன் பந்தை வாங்கப் போவதுபோல் ஓரடி மேலே வருகிறான். காப்பவன் பாஸைப் பறிக்கும் ஆசையில் கூடவே வருகிறான். அந்த நொடியில் வெளிக்காலை அழுத்தி ஊன்றி, உடம்பைத் திருப்பிக் கூடைக்கு ஓட வேண்டும். ஓட்டத்தின் முதல் இரண்டடியில் வேகம் இல்லையென்றால் எல்லாம் வீண். பாஸ் தரையில் குத்தி வர வேண்டும், ஓடுகிறவனின் இரண்டடி முன்னால். பாஸ் கொடுப்பவன் நண்பன் கை தூக்குவதற்காகக் காத்திருக்கக் கூடாது. காப்பவனின் பின்னந்தலை கண்ணில் பட்டதுமே பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரி அணிகளின் தேசியப் போட்டியான என்.சி.ஏ.ஏ.வின் 1996 முதல் சுற்றில், முந்தைய ஆண்டின் சாம்பியனான யு.சி.எல்.ஏ.வைப் பிரின்ஸ்டன் அணி 43-41 என்று வீழ்த்தியது. வேகத்திலும் துள்ளலிலும் யு.சி.எல்.ஏ.வுக்கு ஈடு கொடுக்க முடியாத அணி அது. வெற்றியைத் தந்த கடைசிக் கூடை, ஆட்டம் முடிய நாலே நொடி இருக்கும்போது விழுந்த ஒரு பேக்டோர் லே-அப். பயிற்சியாளர் பீட் காரில் வருடக்கணக்காகத் தன் பையன்களுக்குச் சொல்லித்தந்த அதே ஓட்டம்தான். உங்கள் அணியில் உயரமும் பலமும் குறைவு என்றால் அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடத்தைத் தேடிப் பிடித்துப் பையன்களுக்குக் காட்டுங்கள்.

இதையெல்லாம் எப்படிப் பழக்குவது? அரை மைதானத்தில் மூவருக்கு மூவர், டிரிப்பிளே கிடையாது. பந்தைப் பிடித்தால் பாஸ் அல்லது ஷாட். டிரிப்பிள் இல்லாதபோது பந்து வைத்திருப்பவனுக்கு மற்ற இருவரின் ஓட்டம்தான் கதி. நின்றால் ஐந்து நொடியில் பந்து போய்விடும். யாரும் அறிவுரை சொல்லாமலே கால்கள் நகர ஆரம்பிக்கும். முதல் மூன்று நாள் பார்க்கச் சகிக்காது. பாஸ் வெளியே போகும், இருவர் மோதிக்கொள்வார்கள், உங்கள் கை விசிலுக்குப் போகும். ஊதாதீர்கள். நான் ஒருமுறை என் பயிற்சியைக் கைபேசியில் பதிவு செய்து, ஒரே ஒரு பையனை மட்டும் கவனித்து நேரம் எடுத்தேன். ஒன்றரை மணி நேரத்தில் அவன் உண்மையில் ஆடியது கால் பங்குகூட இல்லை. மீதி நேரம் வரிசையில் நின்றான், அல்லது நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அன்று எனக்கு நிஜமாகவே வலித்தது. அதற்கப்புறம் ஒரு நிறுத்தத்துக்கு அரை நிமிடம்தான் என்று எனக்கு நானே எல்லை வைத்துக்கொண்டேன். நீங்களும் ஒருநாள் அப்படி எடுத்துப் பாருங்கள்.

நாலாவது வாரம் நால்வருக்கு நால்வர், ஆளுக்கு இரண்டு டிரிப்பிள் வரை அனுமதி. ஆறாவது வாரம்தான் ஐவருக்கு ஐவர். ஸ்க்ரீனை (காப்பவனின் வழியில் நின்று அவனை மறிப்பதை) அதுவரை தள்ளிப்போடுங்கள். பையன்களுக்கு, ஸ்க்ரீன் போட்டவன் கூடைக்கு ஓடும் பிக் அண்ட் ரோல் மீது ஆசை அதிகம், ஆனால் இடைவெளி பழகாத அணியில் பந்துக்குப் பக்கத்தில் ஸ்க்ரீன் போட ஒருவன் போனால் அவனோடு எதிரணியில் இன்னொருவனும் பந்துப் பக்கம் வந்துவிடுவான். மடக்குவதற்கு நாமே ஆள் அனுப்பியதாகிவிடும். எதிரணி ஸோன் ஆடினால் (ஆளுக்கு ஆள் காக்காமல் ஆளுக்கு ஓர் இடத்தைக் காத்தால்), இருவருக்கு நடுவே உள்ள சந்தில் நிற்கவும், ஃப்ரீ த்ரோ கோட்டின் நடுவில் ஒருவனிடம் பந்தைச் சேர்க்கவும் சொல்லுங்கள். இந்த வயதுக்கு அது போதும்.

சரி, அந்த ஒரு பையன் விஷயத்துக்கு வருவோம். அவனைத் திட்டாதீர்கள், "பாஸ் கொடு, பாஸ் கொடு" என்று பக்கவாட்டிலிருந்து கத்தவும் வேண்டாம். மற்ற நால்வரும் நிற்கும்போது அவன் தனியாகப் போனதில் தப்பே இல்லை, அவனுக்கு இருந்த ஒரே வழி அது. செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, பயிற்சி ஆட்டத்தில் புள்ளிக் கணக்கை மாற்றுங்கள்: தனியாக டிரிப்பிள் செய்து போட்ட கூடைக்கு 1, பாஸில் வந்த கூடைக்கு 2, பேக்டோருக்கு 3. தோற்கப் பிடிக்காத பையன் என்றால் ஒரே வாரத்தில் அவனே பாஸ் தேட ஆரம்பிப்பான். இரண்டு, ஆட்டம் தொடங்கும்போது பந்தை அவனிடம் கொடுக்காமல் அவனைக் கார்னரில் நிறுத்துங்கள், அங்கிருந்து ஓடிவந்து பந்தை வாங்கட்டும். நின்ற நிலையில் வாங்கினால் அவன் முன்னால் ஒருவன் தயாராக இருப்பான், பின்னால் உதவிக்கு இன்னொருவன். ஓடிவந்து வாங்கினால் கூடைக்கு முன் பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள். அவன் புள்ளிகள் குறையாது, ஆனால் நாலாவது கால்பகுதியில் அவன் காலில் தெம்பு மிஞ்சியிருக்கும். இதை அவனிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள், எல்லோர் முன்னாலும் வேண்டாம்.

எந்த ஷாட் நல்ல ஷாட் என்பதையும் கணக்காகவே காட்டலாம். லே-அப் 100 போட்டால் 60 விழுகிறது என்று வைத்துக்கொள்வோம், 120 புள்ளி. இடைத்தூரத்திலிருந்து 100க்கு 35 விழுந்தால் 70 புள்ளி. மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து 30 விழுந்தால் 90. பந்தைத் தவறவிட்டால் பூஜ்யம். இரண்டு வாரம் ஒவ்வொருவனின் எண்களையும் எழுதி வைத்து அவனிடமே கொடுங்கள். ஆனால் ஆள் மறிக்கும்போது போட்ட ஷாட்டை மட்டும் எண்ணுங்கள். உங்கள் பையன்கள் பயிற்சியில் நன்றாக ஷூட் செய்கிறார்கள் என்கிறீர்கள். யாரும் மறிக்காமல், ஒரே இடத்தில் நின்று, அடுத்தடுத்து இருபது ஷாட் போடும் வாய்ப்பு எந்த ஆட்டத்திலும் கிடைக்காது. ஃப்ரீ த்ரோவும் அப்படித்தான். 50 தொடர்ந்து போடுவதில் பெரிய பயன் இல்லை. மூச்சிரைக்க ஓடவிட்டு, இரண்டே இரண்டு போடச் சொல்லுங்கள், மறுபடி ஓட்டம், மறுபடி இரண்டு.

பயிற்சியைத் தாண்டி எனக்கு இன்னும் முக்கியமாகத் தோன்றும் ஒன்று உண்டு. ஒரு பையன் ஷாட்டைத் தவறவிட்டதும் அவன் கண்களைக் கவனியுங்கள். தடுக்கத் திரும்பி ஓடுகிறானா, முதலில் உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? உங்களைப் பார்த்தால் அவனுக்குள் பயம் இருக்கிறது, அந்தப் பயத்தை உண்டாக்கியது நாம்தான். தவறு செய்த அடுத்த நொடியே வெளியே கூப்பிடும் கோச்சின் அணியில், பத்து நிமிடத்துக்குப் பிறகு யாருமே ஷாட் எடுக்க முன்வர மாட்டார்கள். நல்ல முடிவெடுத்துப் பந்து விழாமல் போனால் கைதட்டுங்கள். தப்பான முடிவெடுத்துப் பந்து விழுந்துவிட்டால், பிறகு ஓய்வு நேரத்தில் "அப்போது என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவன் தேடிச் சொல்லட்டும், பத்து நொடி மௌனம் ஆனாலும் பரவாயில்லை.

யு.சி.எல்.ஏ. பயிற்சியாளராக 12 ஆண்டுகளில் 10 தேசியப் பட்டம் வென்ற ஜான் வுடன், ஒவ்வொரு பருவத்தையும் சாக்ஸ் எப்படி மாட்டுவது என்ற பாடத்தோடு தொடங்கியவர். சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் பயிற்சி போய்விடும். அதே அக்கறை உங்கள் பையன்களின் உடம்பு மீதும் இருக்கட்டும். இந்த வயதில் ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. திடீரென்று உயரம் கூடிய பையனின் ஷாட் சில மாதம் கெட்டுப்போகலாம், அது சோம்பல் இல்லை, புதிய கை கால்களுக்கு உடம்பு பழகுகிறது. முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பைத் தொட்டால் வலி என்று சொன்னால், அவன் துள்ளும் பயிற்சியைக் குறைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். "பொறுத்துக்கோ" என்று சொல்லாதீர்கள்.

இந்த வாரம் ஒரு நட்பு ஆட்டம் வைத்து, பெஞ்சில் இருக்கும் ஒரு பையனிடம் தாளும் பென்சிலும் கொடுங்கள். நம் அணி பாஸ் கொடுக்கும்போதெல்லாம், கொடுத்தவன் இரண்டு நொடிக்குள் நகர்ந்தானா நின்றானா, இது ஒன்றை மட்டும் அவன் கோடு போட்டு எண்ண வேண்டும். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். ஐந்தாவது வாரம் ஒருமுறை, பத்தாவது வாரம் ஒருமுறை, வேறு வேறு பையன்களை உட்கார வைத்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணுகிறவன் அடுத்த ஆட்டத்தில் தானாகவே நகர்வான், அதையும் பார்ப்பீர்கள்.