எஸ்டிமேட் 41,000 ரூபாய்: பழைய காரை நாமே கழற்றலாமா?

கேள்வி: என்னுடையது 2012 மாடல் பெட்ரோல் கார், சின்ன வண்டி, 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறுகிறது, மேடு பள்ளத்தில் முன்பக்கம் கடகடவென்று சத்தம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் 41,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டார்கள்: ஆயில் சர்வீஸ், பேட்டரி, முன் பிரேக் பேட், இரண்டு லோயர் ஆர்ம், கிளட்ச் செட், டீகார்பனைசிங், அடிப்பக்க கோட்டிங், ஏசி கிருமிநீக்கம். மச்சான் "யூடியூப் பார்த்து நாமே செய்தால் பாதிக் காசு மிச்சம்" என்கிறார். செய்யலாமா, இல்லை தெருமுனை மெக்கானிக்கிடம் விடலாமா?

பதில்: மச்சான் சொல்வதில் பாதி சரி. மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது, ஆனால் முதலில் ஸ்பேனரை வைத்துவிட்டுப் பேனாவை எடுங்கள். நீங்கள் சொன்ன குறை இரண்டே இரண்டு, எஸ்டிமேட்டில் இருப்பது எட்டு. கடைசி மூன்றையும் பட்டியலில் இருந்து உடனே அடித்துவிடலாம். வண்டி இழுக்காமல் புகை கக்கினால் டீகார்பனைசிங் (என்ஜினுக்குள் படிந்த கரியை நீக்குவது) பற்றி யோசிக்கலாம், சும்மா இருக்கிற என்ஜினுக்கு எதற்கு? இத்தனை வருடம் ஆன காருக்கு இப்போது அடிப்பக்க கோட்டிங் அடித்தால், ஏற்கெனவே துரு பிடித்த இடத்தை மூடி வைத்ததுதான் மிச்சம்.

அடுத்து கிளட்ச். பட்டியலில் பெரிய தொகை அநேகமாக இதுதான். கிளட்ச் பற்றி நீங்கள் ஒரு புகாரும் சொல்லவில்லையே! காலி ரோட்டில் நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதியுங்கள். என்ஜின் மட்டும் உறுமி வண்டி வேகம் எடுக்கவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது, மாற்றத்தான் வேண்டும். உறுமலும் வேகமும் சேர்ந்தே ஏறினால், பெடலும் வழக்கம்போலவே இருந்தால், இன்னும் ஓட்டலாம். மாற்றுவதாக இருந்தால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், அதை மச்சானிடம் கொடுக்காதீர்கள்.

பேட்டரி விஷயத்தில்தான் நீங்களே கை வைக்கலாம். சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யும் முன் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள்: 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. பிறகு ஸ்டார்ட் செய்து பாருங்கள், 13.8-இலிருந்து 14.4 வரை வர வேண்டும். 13-ஐக் கூடத் தாண்டவில்லை என்றால் குறை பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலோ அதன் பெல்ட்டிலோ இருக்கலாம். புது பேட்டரி போட்டாலும் கொஞ்ச நாளில் அதுவும் படுத்துவிடும், நீங்கள் பேட்டரிக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அதைச் சோடா உப்பு கரைத்த வெந்நீரில் கழுவித் துடைத்து இறுக்கிப் பாருங்கள், பல வண்டிகளில் காலைத் திணறல் அதோடு போய்விடும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், வைப்பர், பல்பு எல்லாம் தாராளமாக நீங்களே மாற்றலாம். ஆயில் மாற்றுவதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம். வேலை கஷ்டமில்லை, ஆனால் வண்டியை உயர்த்த வேண்டுமே. டிக்கியில் இருக்கும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான், அதை நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஸ்டாண்ட் வாங்கி, பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் ஒப்படைக்க இடம் தேடி... வருடத்துக்கு ஒரு தடவைக்கு இவ்வளவு தேவையா என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

பிரேக்கும், முன் சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் லோயர் ஆர்மும் கட்டாயம் மெக்கானிக்குக்குத்தான், அங்கே தப்பு நடந்தால் போவது காசு மட்டுமில்லை. ஆனால் கம்பெனி சென்டருக்கே போக வேண்டும் என்றில்லை. உங்கள் ஊரில் அதே மாடலை நிறையப் பார்த்த மெக்கானிக் ஒருவரைப் பிடியுங்கள், கடகட சத்தம் ஆர்மில் இருந்தா, லிங்க் ராடில் (சஸ்பென்ஷனில் இருக்கும் சின்னக் கம்பி) இருந்தா என்று முதலில் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். லிங்க் ராடு என்றால் செலவு ரொம்பவே குறையும். பாகங்களை நீங்களே டீலரின் ஸ்பேர்ஸ் கவுண்டரில் எம்.ஆர்.பி. பார்த்து, பில்லோடு வாங்கிக் கொடுத்துக் கூலியைத் தனியாகப் பேசுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான், எஸ்டிமேட்டில் இன்னும் 28 என்று இருந்தால் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று, 2027-இல் வண்டிக்குப் பதினைந்து வருடம் முடிகிறது. ஆர்.சி. புதுப்பிக்க 2022 ஏப்ரல் வரை 600 ரூபாயாக இருந்த கட்டணம் இப்போது 5,000, அதுவும் ஐந்து வருடத்துக்குத்தான், பசுமை வரி வேறு. அதற்குப் பிறகும் வைத்திருப்பீர்களா என்று முடிவு செய்துவிட்டு கிளட்சுக்குப் பணம் போடுங்கள்.

கேள்வி: சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகம் வாங்கிப் போடலாமா?

பதில்: சைடு மிரர், ஹெட்லைட், கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஏற்றி இறக்கும் மெஷின் இதெல்லாம் வாங்கலாம், பழைய மாடலுக்குச் சில சமயம் அங்கேதான் கிடைக்கும். பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், சீட் பெல்ட், ஏர்பேக் மட்டும் வேண்டவே வேண்டாம், எத்தனை மலிவாகத் தந்தாலும். உடைந்த பாகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள், ஒரே கார் என்றாலும் வருடத்துக்கு வருடம் கிளிப் மாறும்.

கேள்வி: மெக்கானிக் கியர்பாக்ஸைக் கெடுத்துவிட்டார், பில்லும் தரவில்லை. புகார் செய்ய முடியுமா?

பதில்: முடியும். காசு வாங்கிச் செய்த வேலை என்பதால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இது சேவைக் குறைபாடு. பில் இல்லாவிட்டால் ஜிபே கணக்கு, வாட்ஸ்அப் உரையாடல், வண்டியின் படங்கள் எல்லாம் உதவும். வேறொரு பட்டறையில் குறையை எழுதி வாங்கிக்கொண்டு, பிறகுதான் ரிப்பேருக்கு விடுங்கள், இல்லாவிட்டால் ஆதாரமே போய்விடும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள், அங்கே பேசித் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.