எண்ணெய்க் கசிவு பாத்து வந்த கோவம் எங்க போச்சு? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல 2010 மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவு பத்தி நாலு வரி எழுதினதுக்கு நிறைய கடிதம் வந்திருக்கு, அதனால இந்த வாரம் முழுக்க அதுவே.

கேள்வி: சார், அது நடந்தப்போ நான் சின்னப் பையன். என்னதான் ஆச்சு?

தம்பி, 2010 ஏப்ரல் 20 ராத்திரி, அமெரிக்காவுல லூசியானா கரையிலேர்ந்து சுமார் 66 கிலோமீட்டர் தள்ளி, டீப்வாட்டர் ஹொரைசன்ங்கிற ரிக், அதாவது கடல்ல எண்ணெய்க் கிணறு தோண்டுற மிதக்குற மேடை, வெடிச்சுது. அங்க தண்ணியோட ஆழமே கிட்டத்தட்ட 1,500 மீட்டர், அதுக்கும் கீழ தரையைத் தோண்டிப் போன மகோண்டோ கிணறு, பிபிங்கிற பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனியோடது. கிணத்து அடியில போட்ட சிமெண்ட் பிடிக்கல, பிடிச்சிருக்கான்னு பாக்குற பிரஷர் டெஸ்ட்ல வந்த ரீடிங்கையும் தப்பா புரிஞ்சுக்கிட்டாங்க, கடைசி காவலா கடல் தரையில இருந்த ப்ளோஅவுட் ப்ரிவென்டர், அதாவது ஆபத்துன்னா குழாயை வெட்டி கிணத்தை மூடவேண்டிய மெஷின், அதுவும் கைவிட்டுடுச்சு. ரிக்ல இருந்த 126 பேர்ல 11 பேர் செத்துட்டாங்க. ரெண்டு நாள்ல ரிக் மூழ்கிடுச்சு, எண்ணெய் 87 நாள் பொங்கிக்கிட்டே இருந்துச்சு. கிணத்துலேர்ந்து வெளிய வந்தது சுமார் 49 லட்சம் பேரல்னு அரசாங்கம் சொல்லிச்சு. ஆனா கோர்ட் தனியா கணக்கு பாத்து, பிடிச்சு எடுத்தது போக கடல்ல கலந்தது 31.9 லட்சம் பேரல்னு 2015ல முடிவு பண்ணுச்சு.

கேள்வி: அப்போ ஜனங்க பிபி பெட்ரோல் பங்க் பக்கமே போகாம புறக்கணிச்சாங்கன்னு படிச்சேன். அது சரியான வழியா சார்? எனக்கு சரின்னுதான் படுது.

அம்மா, அந்தக் கோவத்துல ஒரு துளி கூட தப்பு இல்ல. முதல்ல ஒரு நாளைக்கு 1,000 பேரல்தான் கசியுதுன்னாங்க, அப்புறம் 5,000ன்னாங்க. கடலுக்கு அடியில கேமரா இருந்துச்சு, பழுப்பு நிறத்துல எண்ணெய் புகை மாதிரி சுருண்டு சுருண்டு வர்றதை அது எடுத்துக்கிட்டே இருந்துச்சு, ஆனா அந்த வீடியோ வெளிய வரவே எம்பிக்கள் சண்டை போட வேண்டியிருந்துச்சு. வந்ததும் வெளி விஞ்ஞானிங்க அதுல ஓடுற வேகத்தைப் பாத்து கணக்கு போட்டு, இது பல மடங்கு அதிகம்னு சொன்னாங்க. கடைசியில அரசாங்கமே ஒத்துக்கிட்ட கணக்கு ஆரம்பத்துல நாளைக்கு 62,000 பேரல். 11 குடும்பம் துக்கத்துல இருக்கும்போது கம்பெனி தலைவர் டோனி ஹேவர்ட், எனக்கு என் வாழ்க்கை திரும்ப வேணும்னு டிவி கேமரா முன்னாடி சொன்னாரு. கொதிக்காம என்ன பண்ணுவாங்க?

அந்த பெலிகன் பறவைங்க படத்தை நீங்க பாத்திருப்பீங்க. அது லூசியானாவோட மாநிலப் பறவை, அழியிற இனம்ங்கிற பட்டியல்லேர்ந்து 2009 நவம்பர்லதான் அதை எடுத்தாங்க, ஆறு மாசம் கூட நிம்மதியா இருக்க விடல. இறகுல எண்ணெய் ஒட்டினா தண்ணி உள்ள இறங்கிடும், உடம்பு சூடு போய்டும், அது பாவம் அலகால கோதி கோதி சுத்தம் பண்ணப் பாக்கும், பண்ணப் பண்ண எண்ணெய் வயித்துக்குள்ள போகும். தன்னார்வலர்கள் பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டு ஒவ்வொண்ணா, பல் தேய்க்கிற பிரஷ் வரைக்கும் வச்சு கழுவினாங்க.

ஆனா புறக்கணிப்பால அடி வாங்கினது யாருன்னா, அங்க பிபி போர்டு மாட்டின பங்க் பெரும்பாலும் தனி ஆளுங்க நடத்துறது, அவங்களுக்கும் கிணத்துக்கும் சம்பந்தமே இல்ல. வண்டியை எதிர் பங்க்ல கொண்டுபோய் நிறுத்தினவங்க அதே அளவு பெட்ரோல்தான் போட்டாங்க. கோவம் போர்டு மேல போச்சு, டேங்க் பக்கம் வரவே இல்ல. எனக்கு வருத்தம் அதுலதான்.

கேள்வி: தலைமுடி எண்ணெயை உறிஞ்சும்னு சலூன்லேர்ந்து மூட்டை மூட்டையா அனுப்பினாங்களாமே?

ஆமா, நைலான் ஸ்டாக்கிங்ல அடைச்சு அனுப்பினாங்க. முடி எண்ணெயை உறிஞ்சும், அது உண்மை. ஆனா சுத்தம் பண்ற வேலையை நடத்தினவங்க அதை எடுத்துக்கல. அனுப்பினவங்க மனசு நல்ல மனசு.

கேள்வி: இவ்வளவு நடந்தும் லூசியானாக்காரங்களே எண்ணெய் எடுக்கிறதை நிறுத்தாதேன்னு போராடினாங்கன்னு கேள்விப்பட்டேன், நம்ப முடியல.

நம்பித்தான் ஆகணும். அந்தக் கடலோரத்துல ஒரே குடும்பத்துல ஒருத்தர் ரிக்குக்குப் போவாரு, இன்னொருத்தர் இறால் பிடிக்கப் போவாரு. ஒரு பக்கம் வளைகுடாவுல அமெரிக்க மத்திய அரசு கையில இருக்கிற கடல் பரப்புல ஒரு கட்டத்துல 37 சதவீதம் மீன்பிடிக்க மூடிட்டாங்க, இன்னொரு பக்கம் ஒபாமா அரசாங்கம் ஆழ்கடல்ல துளை போடுறதுக்கு ஆறு மாசம் தடை போட்டுச்சு, ஆக ரெண்டு சம்பளமும் ஒரே நேரத்துல நின்னுது. லஃபாயெட் ஊர்ல ஆயிரக்கணக்குல கூடி தடையை எடுன்னு கேட்டாங்க. தூரத்துல உக்காந்து இவங்களைத் திட்டுறது சுலபம், நான் திட்ட மாட்டேன். வேற வேலை கையில குடுக்காம இதை மட்டும் விடுன்னு சொன்னா யாரு விடுவா?

கேள்வி: எண்ணெயே வேண்டாம், எல்லா இடத்துலயும் காற்றாலையும் சோலாரும் போட்டா பிரச்சனை தீர்ந்துடுமே? ஏன் செய்ய மாட்டேங்கறாங்க?

2010ல எல்லாரும் கேட்ட கேள்வி இது. ஒண்ணை முதல்ல பிரிச்சுப் பாக்கணும். உலகத்துல கரண்ட் எடுக்க எண்ணெயை எரிக்கிறது ரொம்பக் கொஞ்சம், எண்ணெய்ல பெரும் பங்கு போறது கார், லாரி, கப்பல், விமானத்துக்கு, மிச்சம் பிளாஸ்டிக் மாதிரி கெமிக்கலுக்கு. நீங்க காற்றாலை மட்டும் போட்டா குறையுறது நிலக்கரியும் கேஸும்தான், அதுவும் நல்லதுதான், ஆனா கடல்ல இருக்கிற ரிக் ஒண்ணும் மூடாது. அந்தக் கரண்ட் வண்டிக்குள்ள போனாதான் எண்ணெய் குறையும். 49 லட்சம் பேரல்னு வாய் பிளக்கிறோமே, அது 2010ல உலகம் ஒன்றரை மணி நேரத்துக்குள்ள எரிச்சுத் தீத்த அளவு.

எத்தனால்னு ஒரு கூட்டம் சொல்லிச்சு. அமெரிக்காவுல அது மக்காச்சோளத்துலேர்ந்து வர்றது, அந்த வயல்ல கொட்டுற உரத்துல இருக்கிற நைட்ரஜன் மிசிசிப்பி ஆத்துல கலந்து அதே மெக்சிகோ வளைகுடாவுக்குத்தான் வருது, அங்க பாசி பெருகி, செத்து, அழுகும்போது தண்ணியில ஆக்சிஜன் போய் ஒவ்வொரு கோடையிலயும் மீன் வாழ முடியாத ஒரு பெரிய பரப்பு உண்டாகுது. எண்ணெய்லேர்ந்து காப்பாத்துறேன்னு அதே மீனவன் வயித்துல இன்னொரு பக்கமா அடிக்கிறதா? ஹைட்ரஜனும் இப்போதைக்கு பெரும்பாலும் இயற்கை எரிவாயுலேர்ந்துதான் எடுக்கிறாங்க.

எலக்ட்ரிக் வண்டிதான் நிஜமா நகருது. பெட்ரோல் இன்ஜின்ல போடுற சக்தியில பெரும்பகுதி சூடாவே வெளிய போய்டும், மோட்டார்ல அவ்வளவு விரயம் இல்ல. 2024ல உலகத்துல வித்த புது கார்ல அஞ்சுல ஒண்ணுக்கு மேல கரண்ட் ஏத்துற வண்டி, நார்வேல பத்துக்கு ஒம்போது கிட்ட வந்துடுச்சு. அந்த நார்வே எண்ணெய் வித்து பணக்காரனான நாடுங்கிறதையும் சேத்து சொல்லணும், அவங்க எடுக்கிறதை நிறுத்தல. விமானம், கப்பலுக்கு இன்னும் நல்ல வழி வரல.

ஏன் செய்யலன்னு கேட்டீங்க. வெடிச்ச எட்டாவது நாள், 2010 ஏப்ரல் 28, கேப் விண்ட்ங்கிற கடல் காற்றாலைத் திட்டத்துக்கு அமெரிக்க அரசாங்கம் அனுமதி குடுத்துச்சு. கரையிலேர்ந்து பாத்தா தெரியும், அழகு கெடும்னு வசதியானவங்க வருஷக்கணக்கா கேஸ் போட்டாங்க, 2017ல திட்டத்தையே கைவிட்டாங்க. கசிவைப் பாத்து அழுதவங்கள்லயும் எத்தனை பேர் நம்ம கண்ணுக்கு முன்னாடி மட்டும் வேண்டாம்னு நின்னிருப்பாங்களோ.

கேள்வி: அப்போ ஜனங்க கோவப்பட்டு எதுவுமே மாறாதுங்கறீங்களா?

மாறியிருக்கே! 1969 ஜனவரியில கலிஃபோர்னியாவுல சான்டா பார்பரா கடல்ல கிணறு வெடிச்சுது, மகோண்டோவை விட ரொம்பச் சின்னது, ஆனா ஒரு வருஷத்துக்குள்ள தேசிய சுற்றுச்சூழல் சட்டம் வந்துடுச்சு, 1970ல முதல் பூமி நாள் நடந்துச்சு. 1989ல அலாஸ்காவுல எக்ஸான் வால்டெஸ்ங்கிற எண்ணெய்க் கப்பல் மோதிக் கசிஞ்ச பிறகு 1990ல சட்டம் போட்டு டேங்கர் கப்பலுக்கு ரெட்டைச் சுவர் கட்டாயம் பண்ணாங்க. 2010ல? ஜூன் 15 ராத்திரி ஒபாமா டிவியில வந்து சுத்தமான எரிசக்திக்கு மாறணும்னு பேசினாரு, அடுத்த மாசமே பருவநிலை மசோதா செனட்ல ஓட்டுக்கு வராமலே செத்துப்போச்சு. கிணறு பாதுகாப்புக்கான பெரிய விதி 2016லதான் வந்துச்சு, 2019ல அதையும் தளர்த்திட்டாங்க. சுத்தம் பண்ற செலவு, அபராதம், இழப்பீடு எல்லாம் சேத்து பிபிக்கு 6,500 கோடி டாலருக்கு மேல போச்சு, அது பெரிய தொகைதான், ஆனா பணம் கட்டினதோட ஜனங்களும் மறந்துட்டாங்க.

கேள்வி: என் தம்பி ரிக்ல வேலை பாக்குறான் சார். எண்ணெய் போச்சுன்னா அவன் கதி?

பயப்படாதீங்கன்னு சும்மா சொல்ல மாட்டேன். டென்மார்க்ல எண்ணெய், கேஸ் கம்பெனியா இருந்தது இன்னைக்கு ஓர்ஸ்டெட்ங்கிற பேர்ல பெரிய கடல் காற்றாலைக் கம்பெனி. ஸ்காட்லாந்து கடல்ல 2017ல மிதக்குற காற்றாலை போட்டதும் நார்வே எண்ணெய்க் கம்பெனிதான். கடல்ல அஸ்திவாரம் போடுறது, கேபிள் இழுக்கிறது, பெரிய கிரேன், தண்ணிக்கு அடியில ரோபோ ஓட்டுறது எல்லாம் அங்கேயும் வேணும். துளை போடுற வேலைக்கு மட்டும் அங்க இடம் கம்மி, அதோட ஒரு காற்றாலையை நிறுத்தி முடிச்சா அப்புறம் பராமரிக்க ஆள் கொஞ்சம் போதும். தம்பி துளை போடுற டீம்ல இருந்தா, சம்பளம் வர்ற இப்பவே ரோபோ இல்ல எலக்ட்ரிக்கல் பக்கம் ஒரு பயிற்சி எடுக்கச் சொல்லுங்க, கம்பெனி செலவுலயே கிடைக்குதான்னு முதல்ல கேக்கச் சொல்லுங்க.