மகன் வருமான வரி தாக்கல் செய்தால் அம்மாவின் உரிமைத்தொகை நின்றுவிடுமா?

காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாவுக்கு தமிழக அரசின் மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய் வருகிறது. சம்பளத்தில் முன்கூட்டியே பிடித்த வரியை (டிடிஎஸ்) திரும்ப வாங்க நீங்கள் தாக்கல் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிடித்த பணம் உங்களுடையது, தாராளமாகச் செய்யுங்கள். பார்க்க வேண்டியது வருமானத்தைத்தான்.

வருமான வரி ஆளைப் பார்க்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய உரிமைத்தொகையோ ரேஷன் கார்டில் உள்ள குடும்பத்தைப் பார்க்கிறது. குடும்பத்தின் மொத்த ஆண்டு வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டக்கூடாது. உங்கள் சம்பளம் மாதம் 18,000 என்றால் ஆண்டுக்கு 2,16,000. அம்மாவின் மீன்கூடையில் மாதம் 3,000 மிஞ்சினாலே எல்லை தாண்டிவிடும். 2025-26 முதல் வருமான வரியின் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லையே என்பது இங்கே உதவாது. வெயிலில் ஐஸ் உருக உட்கார்ந்து சம்பாதிக்கும் காசுக்கு இந்த எல்லை மிகக் குறைவு. அரசு இதை உயர்த்தியே ஆகவேண்டும்.