செயின்ட் ஹெலினாவில் வேலை கிடைத்தால் லண்டனுக்கு மாறிவிடலாமா?

கேள்வி: என் மனைவி செவிலியர், நல்ல அனுபவம் உண்டு. செயின்ட் ஹெலினா என்ற தீவு மருத்துவமனையில் இரண்டு வருட ஒப்பந்த வேலை இருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். அது பிரிட்டனுக்குச் சொந்தமான இடம், அங்கே போய்விட்டால் அப்படியே லண்டனுக்கு மாறிக்கொள்ளலாம் என்கிறார். எங்களுக்கு 7 வயதில் ஒரு மகள். குடும்பத்தோடு போகலாமா? எப்படிப்பட்ட ஊர் அது?
- நாகர்கோவில் வாசகர்

பதில்: லண்டன் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். மாற முடியாது. செயின்ட் ஹெலினாவில் பிரிட்டிஷ் கொடி பறக்கிறது, பிரிட்டிஷ் மன்னர்தான் அரசுத் தலைவர், லண்டன் நியமிக்கும் ஆளுநர் இருக்கிறார். எல்லாம் உண்மை. ஆனால் அது பிரிட்டன் என்ற நாட்டின் பகுதி அல்ல, பிரிட்டனின் ஆளுகைக்குட்பட்ட கடல்கடந்த ஆட்சிப்பகுதி. அதற்கென்று தனிக் குடிவரவுச் சட்டம், தனி வேலை அனுமதி. லண்டன் விசா வைத்திருப்பவர் அதைக் காட்டித் தீவில் இறங்க முடியாது. தீவின் வேலை அனுமதியைக் காட்டி லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கவும் முடியாது. அங்கே வாழும் காலம் பிரிட்டனில் நிரந்தரக் குடியிருப்புக்கான கணக்கிலும் சேராது.

இது வெறும் காகித வித்தியாசமில்லை என்பதற்கு நம்மவர்களின் கதையே சாட்சி. 2021 அக்டோபரில் ஈழத் தமிழர்கள் சிலர் வந்த படகு, இந்தியப் பெருங்கடலில் பிரிட்டனின் ஆட்சிப்பகுதியான தியாகோ கார்சியாவில் கரையேறியது. பிரிட்டிஷ் மண்ணில்தான் நின்றார்கள். ஆனாலும் கூடாரங்களில் மூன்று வருடம் கழிந்தது. 2024 டிசம்பரில்தான் அவர்களில் பெரும்பாலோரைப் பிரிட்டனுக்கு அழைத்துச் சென்றார்கள். அதற்குச் சற்று முன், 2024 அக்டோபரில், இனிமேல் அப்படி வந்து சேர்பவர்களை செயின்ட் ஹெலினாவுக்கு அனுப்பிவைப்பது என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஓர் ஆட்சிப்பகுதியில் வந்து இறங்கியவரை இன்னோர் ஆட்சிப்பகுதிக்கு! லண்டனுக்கு அது வாசல் என்று உங்களிடம் சொன்னவருக்கு இதைச் சொல்லுங்கள்.

குடியுரிமை பற்றியும் ஆசை காட்டியிருப்பார்கள். தீவில் ஐந்தாண்டு வசித்து, அதில் கடைசி ஒரு வருடமாவது காலவரம்பு இல்லாத குடியிருப்பு அனுமதியோடு இருந்தவர், பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதிக் குடிமகன் என்ற தகுதிக்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைத்த பிறகு முழுப் பிரிட்டிஷ் குடியுரிமைக்குப் பதிவு கேட்கலாம். இரண்டுமே அதிகாரிகளின் விருப்புரிமைக்கு உட்பட்டவை. இரண்டு வருட ஒப்பந்தம் இதன் பக்கத்தில்கூடப் போகாது. தற்காலிக அனுமதியில் இருக்கும் பெற்றோருக்குத் தீவில் குழந்தை பிறந்தாலும் அதற்குப் பிரிட்டிஷ் குடியுரிமை வராது.

உங்களை விடுங்கள், தீவுக்காரர்களே இந்த உரிமைக்காக இருபது வருடம் போராடியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் பிறந்தவர்களுக்குள்ள உரிமைகளெல்லாம் தீவுவாசிகளுக்கும் உண்டு என்று 1673இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் சாசனம் கொடுத்திருந்தார். 1981இல் வந்த குடியுரிமைச் சட்டம், பிரிட்டனில் தங்கி வேலை செய்யும் உரிமையை அவர்களிடமிருந்து பறித்தது. 2002 மே மாதம்தான் அது திரும்பக் கிடைத்தது. கிடைத்ததும் என்ன நடந்தது? இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக இங்கிலாந்துக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். தென் அட்லாண்டிக்கில் உள்ள மற்ற பிரிட்டிஷ் தீவுகளான அசென்ஷனுக்கும் ஃபாக்லாந்துக்கும் வேலைக்குப் போகிறவர்கள் முன்பே உண்டு. ஊரில் முதியவர்கள் கூடிவிட்டார்கள், கவனித்துக்கொள்ளும் கைகள் குறைந்துவிட்டன. உங்கள் மனைவியைப் போன்ற வெளிநாட்டு ஊழியர்கள் அங்கே தேவைப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, லண்டனை மறந்துவிட்டு அந்த வேலையை மட்டும் பார்த்தால்? அப்போது இது யோசிக்க வேண்டிய வாய்ப்பு. அதற்கு ஊரைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

தென் அட்லாண்டிக் கடலின் நடுவே, ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையிலிருந்து ஏறக்குறைய 1,950 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது தீவு. பரப்பு 122 சதுர கிலோமீட்டர். விரிவாக்கத்துக்கு முந்தைய சென்னை மாநகராட்சிகூட இதைவிடப் பெரியது. 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 4,400. எரிமலைப் பாறை என்பதால் கடலோரம் மொட்டையாக, செங்குத்தாக இருக்கும். நடுவில் 800 மீட்டருக்கு மேல் உயரும் டயானா சிகரம், அதைச் சுற்றி மேகம் தங்கும் பச்சைக் காடு. தலைநகர் ஜேம்ஸ்டவுன், இரண்டு மலைச்சுவர்களுக்கு நடுவே பள்ளத்தாக்கில் நீளமாகக் கிடக்கும் ஒரு சிற்றூர். அங்கிருந்து மலைமேல் ஏற 699 படிகள் கொண்ட ‘ஜேக்கப் ஏணி’ இருக்கிறது. ஜேம்ஸ்டவுனில் வெயில் காயும்போது மேட்டுப் பகுதியில் தூறலும் குளிரும் இருக்கலாம், ஆகவே வீடு எந்தப் பகுதியில் தருகிறார்கள் என்று கேளுங்கள். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே என்பதால் பிப்ரவரி, மார்ச்தான் அங்கே வெப்பமான காலம்.

போக்குவரத்துதான் இந்தத் தீவின் தலையெழுத்து. 2017 வரை கேப் டவுனிலிருந்து கப்பலில் ஐந்து நாள் பயணம். 28.5 கோடி பவுண்டு செலவில் விமான நிலையம் கட்டினார்கள். ஒரு பள்ளத்தையே பாறையால் நிரப்பி, மலை விளிம்பில் ஓடுபாதை போட்டார்கள். 2016இல் திறப்பு விழாவுக்குத் தயாரானபோதுதான், அந்த மலை விளிம்பில் காற்று திடீர் திடீரென்று திசையும் வேகமும் மாறி விமானத்தைத் தள்ளாட வைக்கும் சிக்கல் பெரிதாக வெடித்தது. உலகத்திலேயே உதவாத விமான நிலையம் என்று லண்டன் பத்திரிகைகள் கிண்டலடித்தன. 2017 அக்டோபர் 14இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து எம்ப்ரேயர் விமானத்தில் முதல் பயணிகள் சேவை தொடங்கியது. 99 இருக்கை கொண்ட அந்த விமானத்தில் ஆரம்பத்தில் 76 பேருக்கு மேல் ஏற்றவில்லை, எடையைக் குறைத்தாக வேண்டியிருந்தது.

உங்களுக்கு இதில் நேரடிப் பொருள் உண்டு. அடிப்படையில் வாரம் ஒரு விமானம், சில பருவங்களில் மட்டும் கூடுதல். வானிலை சரியில்லையென்றால் இறங்காமல் திரும்பிவிடும். ஆகவே ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கிய மறுநாளே சென்னைக்கு டிக்கெட் போடாதீர்கள், நடுவில் சில நாள் விடுங்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் தென்னாப்பிரிக்காவில் வெளியே வந்து தங்க விசா தேவை. மகளுக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், பிறப்புச் சான்றிதழையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஒரு துக்கம் என்றால் இரண்டு நாளில் வந்து சேர முடியாது. நாகர்கோவிலில் வயதான பெற்றோர் இருக்கிறார்கள் என்றால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டியது இதைத்தான்.

சரக்கு இன்னும் கப்பலில்தான் வருகிறது, கேப் டவுனிலிருந்து, ஏறத்தாழ மாதத்துக்கு ஒருமுறை. கப்பல் தாமதமானால் கடையில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் தீர்ந்துவிடும். உள்ளூர் மீன் அருமையாக இருக்கும், சூரை மீனைத் தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். கன்னியாகுமரிக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ‘பிலோ’ என்று கறிமசாலா போட்டு ஒரே பானையில் வேகவைக்கும் சோறுதான் தீவின் வீட்டுச் சாப்பாடு. ஆனால் உங்கள் அஞ்சறைப்பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. வேறெங்கும் இல்லாத செடிகளும் பூச்சிகளும் உள்ள தீவு என்பதால், வெளியிலிருந்து பூச்சியும் நோயும் நுழையாமல் தடுக்கும் சோதனை கடுமை. தேன் கொண்டுபோகவே கூடாது. கடுகு, வெந்தயம், கொத்தமல்லி மூன்றும் முளைக்கக்கூடிய விதைகள் என்பதை மறக்காதீர்கள். எது அனுமதி, எது தடை என்று கிளம்புவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மக்களைப் பற்றி. தங்களை ‘செயிண்ட்ஸ்’ என்று சொல்லிக்கொள்வார்கள். 1502இல் போர்ச்சுகீசியர் கண்டபோது தீவில் மனிதர்களே இல்லை. 1659இல் கிழக்கிந்தியக் கம்பெனி குடியேற்றம் தொடங்கியது. ஆமாம், நம்மை ஆண்ட அதே கம்பெனிதான். மதராஸிலிருந்து இங்கிலாந்து திரும்பும் கப்பல்கள் இங்கே நின்று தண்ணீர் பிடித்தன. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், ஆசியாவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், சீனக் கூலித் தொழிலாளர்கள், ஆங்கிலேயச் சிப்பாய்கள் எல்லோரும் கலந்த வம்சம் இவர்கள். 1840 முதல் பிரிட்டிஷ் கடற்படை அடிமைக் கப்பல்களைப் பிடித்து, சுமார் 25,000 ஆப்பிரிக்கர்களை இங்கே இறக்கியது. அவர்களில் ஆயிரக்கணக்கானோர் ரூபர்ட் பள்ளத்தாக்கிலேயே இறந்து புதைக்கப்பட்டார்கள். விமான நிலையத்துக்குச் சாலை போடத் தோண்டியபோது 325 பேரின் எலும்புகள் வெளிப்பட்டன. 2008இல் எடுத்தவற்றை மறுபடி அடக்கம் செய்தது 2022இல். வருகிறவர்கள் எல்லாம், இந்தத் தீவுக்கு நாடுகடத்தப்பட்ட நெப்போலியன் 1821இல் இறந்த லாங்வுட் வீட்டைத்தான் பார்க்க ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால் ரூபர்ட் பள்ளத்தாக்குதான் முதலில் பார்க்க வேண்டிய இடம். (இன்னொரு வேடிக்கை: ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லி, 1805இல் இந்தியாவிலிருந்து திரும்பும் வழியில் தங்கிய ‘பிரையர்ஸ்’ மனையில்தான் பத்து வருடம் கழித்து நெப்போலியனும் லாங்வுட்டுக்குப் போவதற்கு முன் தங்கினார். வாட்டர்லூவில் அவரைத் தோற்கடித்தவர் இதே வெல்லெஸ்லிதான்.)

சாலைகள் குறுகல், மேட்டில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழி விட வேண்டும். எதிரே வரும் ஒவ்வொருவருக்கும் கையசைப்பது வழக்கம், அசைக்காவிட்டால் என்ன கோபம் என்று நினைப்பார்கள். இதன் மறுபக்கத்தையும் யோசியுங்கள். செவிலியர் காலையில் ஊசி போட்ட நோயாளியை மாலையில் கடையில் பார்ப்பார். யாருக்கு என்ன நோய் என்று ஊரே கேட்கும். வாயைக் கட்டத் தெரிந்தவர்தான் அங்கே நிம்மதியாக வேலை பார்க்க முடியும்.

அரசாங்கம் சிறியது, ஆனால் அங்கே மிகப் பெரிய வேலை தருபவர் அதுவே. மருத்துவமனையும் அரசுடையது. தீவின் சொந்த வருமானம் செலவுக்குப் போதாது, வருடாவருடம் லண்டன் நிதியுதவி தருகிறது. 12 பேர் கொண்ட சட்டமன்றத்தை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர்கள் தங்களுக்குள் முதலமைச்சரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த அமைச்சரவை முறை 2021 அக்டோபரில்தான் வந்தது, முதல் முதலமைச்சர் ஜூலி தாமஸ். அதற்கு முன் குழுக்கள் வழியாக ஆட்சி நடந்தது. வெளியுறவும் பாதுகாப்பும் ஆளுநர் கையில். அசென்ஷன், டிரிஸ்டன் டா குன்யா தீவுகளுக்கும் அவரே ஆளுநர். லண்டன் நாடாளுமன்றத்தில் தீவுக்கு உறுப்பினர் கிடையாது. உங்கள் அனுமதியில் ஒரு சிக்கல் என்றால் போய் நிற்க வேண்டியது ஜேம்ஸ்டவுன் அலுவலகத்தில்தான்.

மகளின் படிப்பு பெரிய கவலையில்லை. மூன்று தொடக்கப் பள்ளிகள், ஒரு மேல்நிலைப் பள்ளி, இங்கிலாந்துப் பாடத்திட்டம். இரண்டு வருடம் கழித்து இங்கே திரும்பும்போது தமிழ்தான் பின்தங்கியிருக்கும், அதை வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவம்தான் யோசிக்க வேண்டியது. ஜேம்ஸ்டவுனில் இருப்பது ஒரே ஒரு சிறிய மருத்துவமனை. அங்கே முடியாத சிகிச்சைக்குத் தென்னாப்பிரிக்காவுக்கு விமானத்தில் அனுப்புவார்கள். மூவருக்கும் அந்த வெளியேற்றச் செலவை ஏற்கும் காப்பீடு இல்லாமல் கிளம்பவே கூடாது. இணையம் பற்றிப் பழைய பயமுறுத்தல்களை நம்ப வேண்டாம். கடலடி கேபிள் 2021இல் கரை சேர்ந்து 2023இல் சேவைக்கு வந்துவிட்டது. நம் இரவு எட்டு மணி அங்கே பிற்பகல் இரண்டரை, பாட்டியோடு வீடியோவில் பேச வசதியான நேரம்.

பணம்: தீவுக்கென்று தனி பவுண்டு உண்டு, பிரிட்டிஷ் பவுண்டுக்குச் சமமான மதிப்பு. ஆனால் அசென்ஷனைத் தவிர வெளியே யாரும் அதை வாங்கமாட்டார்கள். ஒரே ஒரு வங்கிதான். போகும்போது பிரிட்டிஷ் பவுண்டு ரொக்கம் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தை இந்தியாவுக்கு அனுப்பும் கட்டணத்தையும் நாளையும் அந்த வங்கியிடமே கேளுங்கள்.

கடைசியாக, அந்த ‘தெரிந்தவர்’. தீவு அரசின் வேலைகள் அரசின் சொந்த இணையதளத்திலேயே விளம்பரமாகும். அதன் முகவரி ‘டாட் கவ் டாட் எஸ்ஹெச்’ என்று முடியும். வெறும் ‘டாட் எஸ்ஹெச்’ தீவின் குறியீடுதான் என்றாலும் உலகத்தில் யார் வேண்டுமானாலும் விலைக்கு வாங்கலாம், ஆகவே அதை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். வேலை உண்மையா என்று அரசின் மனிதவளப் பிரிவுக்கு நீங்களே எழுதுங்கள். பதில் வரும்வரை யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். வேலை உண்மையென்று தெரிந்தால், அதே கடிதத்தொடரில் இவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்: வீட்டு வாடகை யார் பொறுப்பு, குடும்பத்துக்கும் விமான டிக்கெட் உண்டா, நடுவில் ஊர் வந்து போக எத்தனை டிக்கெட், உங்கள் அனுமதியில் நீங்களும் வேலை பார்க்கலாமா, பாதியில் ஒப்பந்தம் முறிந்தால் திரும்பும் செலவு யாருடையது.

கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால், முதல் ஆறு மாதம் மனைவி மட்டும் போய்ப் பார்ப்பது நல்லது.